பிள்ளையின் நிறை தெரியும், அப்பாவின் பிரஷர் தெரியாது

எங்களில் ஒருவருடைய வீட்டில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. காணி உறுதி, அடையாள அட்டைப் பிரதிகள், பழைய பங்கீட்டு அட்டை எல்லாவற்றுக்கும் அடியில் தங்கச்சியுடைய சிறுவர் சுகாதார விருத்திப் பதிவேடு. பிறந்த நிறை, ஊசி போட்ட திகதிகள், மாதாமாதம் நிறுத்து வைத்த புள்ளிகள், அந்தப் புள்ளிகளை இணைத்த கோடு. எட்டாம் மாதத்தில் அந்தக் கோடு கொஞ்சம் சரிந்திருக்கிறது. அடுத்த கிழமையே மிட்வைவ் சைக்கிளை வேலியோடு சாத்திப்போட்டு உள்ளுக்கு வந்து, "பிள்ளைக்கு என்ன தீத்திறியள்?" எண்டு அம்மாவை ஏசினதாக அம்மா இன்றைக்கும் சொல்லுவா. ஏசினதைச் சொல்லும்போது அம்மாவுடைய முகத்தில் ஒரு சந்தோசம் இருக்கும்.

அதே வீட்டில் அப்பா. மேசன் வேலை. 51 வயதில், சாரத்தில் நின்று சுவர் பூசிக்கொண்டிருந்தவருக்குக் கை விறைத்துச் சாந்தகப்பை விழுந்தது. பாரிசவாதம். ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, "ஐயாவுக்கு முதலே பிரஷர் இருந்ததோ?" ஒருத்தருக்கும் தெரியாது. ஏனென்றால் ஐம்பத்தொரு வருடத்தில் அவருடைய கையில் ஒருவரும் பட்டி கட்டிப் பார்த்ததில்லை. காய்ச்சல் வந்தால் பனடோல், முதுகு நொந்தால் எண்ணெய். இவ்வளவுதான் அவருடைய மருத்துவ வரலாறு.

ஒரே கூரைக்குக் கீழே ஒரு பிள்ளையின் நிறையை மாதாமாதம் எழுதி வைத்த அரசுக்கு, அந்தப் பிள்ளைக்குச் சோறு போடும் மனிதனைப் பற்றி ஒரு எண்கூடத் தெரியவில்லை. இதை அப்பாவின் கவலையீனம் என்று சொல்ல நாங்கள் தயாரில்லை. எங்களுடைய பொதுச் சுகாதாரம் பிறப்புக்காகக் கட்டப்பட்டது. பிறப்பு குறைந்து, முதுமையும் நாட்பட்ட நோயும் கூடிய பிறகும் அது பழைய கதவையே தட்டிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் எங்கள் குற்றச்சாட்டு.

முதலில் கொடுக்கவேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியபோது, வருத்தம் வந்தவன் ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் ஊருக்குள்ளே போவது என்ற எண்ணம் இந்த நாட்டில் வேர்விட்டது. 1930களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். இன்று அந்த எண் ஐம்பதுக்கும் கீழே. பணக்கார நாடாகாமலே இதைச் செய்தோம். இதற்குப் பின்னால் பல காரணங்கள் உண்டு: இலவசக் கல்வி, மலேரியா ஒழிப்பு, கிராமத்து ஆஸ்பத்திரிகள், இரத்த வங்கி. ஆனால் அவற்றுக்கு நடுவில் ஒரு பெண் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒரு குடும்ப நல உத்தியோகத்தர் என்பது கணக்கு. எந்த வீட்டில் யார் கர்ப்பிணி, யாருக்கு எத்தனையாவது மாதம், யாருடைய மனுசன் குடிகாரன் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கிளினிக்குக்கு வராவிட்டால் தேடி வருவார். மருந்தைவிட, மெஷினைவிட, அந்தத் தேடி வருதல்தான் வென்றது.

இப்போது நாடு எங்கே நிற்கிறது? 2012 இல் வருடத்துக்கு மூன்றரை இலட்சம் பிள்ளைகள் பிறந்தன. 2023 இல் அது இரண்டரை இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மரணங்களில் பத்தில் எட்டுக்கும் மேலானவை தொற்றா நோய்களால்: மாரடைப்பு, பாரிசவாதம், சீனி வருத்தம், புற்றுநோய், நெஞ்சுச் சளி வருத்தங்கள். வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உயர் குருதியமுக்கம், ஏழு பேரில் ஒருவருக்கு நீரிழிவு என்பது 2021 இல் எடுத்த தேசிய அளவீட்டின் கணக்கு. உலகம் முழுக்கவும் இதே திசைதான். உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உயர் குருதியமுக்கம் உள்ளவர்களில் கிட்டத்தட்ட அரைவாசிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்கள் ஐந்தில் ஒருவர் அளவில்தான். பிரஷர் குளிசை ஒன்றும் தங்கத்தில் செய்ததில்லை. லொசாட்டனும் அம்லோடிபினும் உலகத்திலேயே மலிவான மருந்துகளுக்குள் வருபவை. அந்த மலிவான குளிசைக்கும் எங்கள் அப்பாவின் வாய்க்கும் இடையில் ஒரு ஆள் இல்லை. அவ்வளவுதான் பிரச்சினை.

"ஆள் இருக்கே, ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையம் இருக்கே" என்று சுகாதாரத் துறையில் வேலை செய்யும் நண்பர்கள் சொல்லுவார்கள். இருக்கிறது. 2011 இலிருந்து இருக்கிறது. போனால் நிறை, உயரம், பிரஷர், சீனி எல்லாம் சும்மா பார்ப்பார்கள். திட்டத்தில் எங்களுக்குக் குறை இல்லை. திறந்திருக்கும் நேரத்தில்தான் குறை. கிழமை நாளில் காலை எட்டு மணிக்கு ஒரு மேசன், ஒரு கடற்றொழிலாளி, ஒரு ஓட்டோக்காரர் போய் வரிசையில் நின்றால் அன்றைய நாட்கூலி போச்சு. வருத்தம் இல்லாத மனுசன், வருத்தம் இருக்கோ எண்டு பார்க்க ஒரு நாள் சம்பளத்தை விடுவானோ? அதனால்தான் அங்கே வருபவர்களில் பெரும்பான்மை பெண்கள். ஆம்பிளையள் வருவதில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கவலைப்படுகிறார்கள். அவர்கள் இருக்கும் இடத்துக்கு ஏன் போகவில்லை என்று மட்டும் கேட்கமாட்டார்கள். தாய்மார் கிளினிக்குக்கு வராதபோது நாங்கள் தாய்மாரைத் திட்டிவிட்டு இருக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனோம். ஆண்கள் என்று வந்தவுடன் மட்டும் "மனப்பாங்கு மாற்றம்", "விழிப்புணர்வு", ஒரு பதாகை, ஒரு நடைபவனி, தலைக்கு ஒரு தொப்பி.

இந்த "விழிப்புணர்வு" என்ற சொல்லைப் பற்றி எங்களுக்கு ஒரு தனிக் கடுப்பு உண்டு. சோத்தைக் குறையுங்கோ, சீனியைக் குறையுங்கோ, நடவுங்கோ. 2022 இல் சனம் சோத்தைக் குறைத்ததுதான், விலையில்லாமல். பருப்பும் மீனும் முட்டையும் வாங்க வழியில்லாதவனுக்கு மிஞ்சுவது மாவும் சீனித் தேத்தண்ணியும்தான். அவனிடம் போய் உணவுத் தட்டில் அரைவாசி மரக்கறி இருக்கவேண்டும் என்று படம் காட்டுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

மற்றப் பக்கம் மெஷின். எங்கள் பகுதிகளில் வெளிநாட்டு உறவுகளின் காசில் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரங்கள் வருகின்றன. ரிப்பன் வெட்டுகிறார்கள், கல்வெட்டில் பெயர் பொறிக்கிறார்கள். அந்த மெஷினில் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் படுத்திருக்கும் மனிதருக்கு அது உயிர். அதைக் கொச்சைப்படுத்த மாட்டோம். ஆனால் அந்தக் கட்டிலுக்கு வந்த பலருடைய கதை பத்து, பதினைந்து வருடத்துக்கு முன்னால் கவனிக்காமல் விட்ட சீனியிலும் பிரஷரிலும் தொடங்கியது. (ரஜரட்டையின் காரணம் தெளிவில்லாத சிறுநீரக நோய் வேறு கதை.) அந்தப் பதினைந்து வருடமும் மாதம் ஒருக்கால் வீட்டு வாசலில் வந்து நிற்கக்கூடிய ஒரு தாதியின் சம்பளத்துக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. வராமல் போன பாரிசவாதத்துக்கு ரிப்பன் வெட்ட முடியாதே.

நாங்கள் கேட்பது புதினமான ஒன்றில்லை. 1893 இல் நியூயோர்க்கின் ஏழைக் குடியிருப்புகளுக்குள் படியேறிப் போய்ப் பராமரிப்புச் செய்த லிலியன் வோல்ட்தான் "பொதுச் சுகாதாரத் தாதி" என்ற பெயரையே புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். பிரேசிலில் 1994 இலிருந்து ஒரு வைத்தியர், ஒரு தாதி, சில சமூக சுகாதாரப் பணியாளர்கள் சேர்ந்த குழு ஒரு குறித்த பகுதிக் குடும்பங்களைப் பெயர் பெயராகப் பதிந்து வைத்து வீடு வீடாகப் போகிறது. கேரளத்தில் 2008 இல் கொள்கையாகவே அறிவித்தபின், படுக்கையில் கிடப்பவர்களைத் தேடி உள்ளூராட்சி மட்டத்தில் தாதியர் வீட்டுக்குப் போகிறார்கள். 2021 ஓகஸ்டில் தமிழ்நாடு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சீனி மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. அந்தத் திட்டத்தில் எங்களுக்கு ஒரு முறைப்பாடும் உண்டு. வீடு வீடாக ஏறி இறங்கும் பெண்களை "தன்னார்வலர்" என்று அழைத்து, சம்பளம் என்று சொல்ல முடியாத ஒரு ஊக்கத்தொகையைக் கொடுக்கிறார்கள். அந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து யாரும் இறக்குமதி செய்யவேண்டாம்.

எங்களிடம் விதை இருக்கிறது. ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரி என்ற பதவி பலகாலமாக இருக்கிறது. ஆனால் அவருடைய நாள் குடும்ப நல உத்தியோகத்தர்களை மேற்பார்வை செய்வதிலும் தாய் சேய் கிளினிக்குகளிலும் முடிந்துவிடும். அண்மைக்காலத்தில் ஆரம்ப வைத்தியசாலைகளுக்குப் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் என்ற பதவியும் வந்திருக்கிறது. நாங்கள் போய்ப் பார்த்த இடங்களில் அந்த மிஸ் ஒரு அறைக்குள் இருக்கிறார், வருபவர்களுக்குப் பட்டி கட்டுகிறார், கொப்பியில் எழுதுகிறார். வராதவர்களின் பட்டியல் அவரிடம் இல்லை. குடும்ப நல உத்தியோகத்தரின் பலமே அந்தப் பட்டியல்தான்.

"அப்ப இதையும் மிட்வைவிடம் குடுங்கோவன்" என்று ஒரு உயர் அதிகாரி எங்களிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். இந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. வெற்றிடங்கள் நிரப்பப்படாததால் பக்கத்துப் பிரிவையும் சேர்த்துப் பார்க்கும் பெண்கள், 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று வாகனத்தைத் தள்ளிக்கொண்டு வீடு பார்க்கப் போன பெண்கள், அவர்களின் தலையில் இன்னும் ஒரு மூட்டையா? தாய்க்கும் சேய்க்கும் உள்ள ஆளைப் பிடுங்கி அப்பாவுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. வேறொரு ஆள் வேண்டும் என்கிறோம்.

காசு இல்லை என்பார்கள். அதே 2022 இல், அரச ஊழியர் ஐந்து வருடம்வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று அரசே கதவைத் திறந்துவிட்டது. டொலருக்காக ஆட்களை அனுப்பிவிட்டு ஆளில்லை என்று சொல்லுகிறோம். உலகத்தில் ஏறத்தாழ அறுபது இலட்சம் தாதியர் தட்டுப்பாடு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்தப் பள்ளத்தைப் பணக்கார நாடுகள் எங்களைப் போன்ற நாடுகளில் படித்தவர்களைக் கொண்டுதான் நிரப்புகின்றன. போகிற பிள்ளைகளை நாங்கள் குற்றம் சொல்லவில்லை. அந்தச் சம்பளத்துக்கு இரவு வேலையும் பார்த்துக்கொண்டு ஏன் நிற்கவேண்டும்?

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நாங்களும் பெருமை பேசும் கூட்டம் ஆகிவிடுவோம். வீடு தேடிப் போகும் இந்த முறை எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிப் போகவில்லை. 2016 குடித்தொகை, சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 வீதம். பெருந்தோட்டத்தில் 32 வீதம். தோட்டச் சுகாதாரம் நீண்டகாலம் கம்பனியின் கையிலும் அரசின் கையிலும் மாறி மாறி, ஒருவருடைய பொறுப்பும் இல்லாமல் கிடந்தது. தமிழ் தெரியாத உத்தியோகத்தர் லயத்து வாசலில் நின்று என்னத்தைக் கேட்பது, அந்தத் தாய் என்னத்தைச் சொல்வது? புதிதாக ஒரு தாதி வரிசை உருவாகுமென்றால் அது முதலில் ஏறவேண்டியது மலைக்குத்தான். யாழ்ப்பாணத்துக்கு அல்ல.

போன வருடம் நாங்களும் ஒரு காரியம் செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஊர் வாசிகசாலையில், கரம் விளையாடுகிற இடத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு, ஓய்வுபெற்ற ஒரு தாதியை இருத்திப் பிரஷர் பார்த்தோம். ஆம்பிளையள் வரமாட்டினம் என்றார்கள். வந்தார்கள். வந்த பலருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். ஒரு அண்ணைக்கு மேல் எண் 190ஐத் தாண்டி நின்றது. மிஸ் இரண்டு தரம் பார்த்துவிட்டு, "தம்பி, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்று துண்டு எழுதிக் கொடுத்தா. நாங்கள் படம் எடுத்தோம், முகநூலில் போட்டோம், நல்ல பாராட்டு. மூன்று கிழமை கழித்து அந்த அண்ணையைச் சந்தியில் கண்டோம். அவர் போகவில்லை. "வேலை தம்பி, அடுத்த கிழமை பாப்பம்." துண்டு அவருடைய பேர்ஸுக்குள் நாலாக மடிந்திருந்தது. நாங்களும் அந்த மூன்று கிழமையில் ஒருநாள்கூட அவருடைய வீட்டுக்குப் போகவில்லை. முகாம் என்பது அதுதான்.

ஆரம்பச் சுகாதாரம் மாகாணத்துக்குரிய விடயம். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. தேர்தல் வரும் வரும் என்கிறார்கள். வந்தால், வேட்பாளர்கள் எங்கள் ஒழுங்கைகளுக்குள்ளும் வருவார்கள். அப்போது நாங்கள் கேட்கப்போவது புதுக் கட்டடமோ மெஷினோ அல்ல. இந்தக் கிராம அலுவலர் பிரிவில் 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்குப் பிரஷர் பார்த்திருக்கிறது, பார்க்காதவர்களுடைய பெயர் யாரிடம் இருக்கிறது, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அவர்களுடைய வீட்டுக்குப் போக நிரந்தர நியமனத்தில் எத்தனை தாதியரை எடுப்பீர்கள், அதில் மலையகத்துக்குத் தமிழ் தெரிந்தவர்கள் எத்தனை பேர் போகவேண்டும் என்று கொழும்பிடம் கேட்பீர்களா. பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை, எழுதிக்கொண்டு போகட்டும். அந்த அப்பா இப்போது முன்விறாந்தையில்தான் கதிரை போட்டு இருக்கிறார். இடது கையால் கொப்பியைப் பிடித்து, தன்னுடைய கிளினிக் எண்களைத் தானே காட்டுவார்.