நம் சந்து வரைபடத்தில் உண்டா?

2015 பிப்ரவரியில் மும்பை மாநகராட்சி, 2034 வரைக்குமான வளர்ச்சித் திட்ட வரைவை வெளியிட்டது. வரைபடத்தில், நிற்கும் கட்டடங்கள் மேலேயே சாலை போயிற்று! எழுதத் தெரிந்தோர் ஆயிரக்கணக்கில் ஆட்சேபணை எழுதினர். ஏப்ரலில் முதலமைச்சர் பட்னாவிஸ், திருத்தி வரையும்படி அதைத் தள்ளிவிட்டார்.

நம் குடிசைப் பகுதிகளில் பிழை வேறு விதம். வானிலிருந்து எடுத்த படத்தில் தகரக் கூரையும் நீலத் தார்ப்பாயும் தெரியும். அடியிலுள்ள இரண்டடிச் சந்து தெரியாது. நடந்து பார்க்காமல் பழைய தாளைப் பார்த்துப் புதுத் தாள் வரைந்தால் பழைய பிழையும் கூடவே வரும். (ரயில்வேயில் இருக்கும் நமக்குத் தெரியும்: பெயர்த்தெடுத்த தண்டவாளம் தாளில் மட்டும் கிடக்கும்.) கைப்பேசி வரைபடத்திலோ யாரோ சேர்த்த தவறான பெயர் சரிபார்க்க ஆளின்றி நின்றுவிடுகிறது.

வழி தவறினால் நாலு பேரைக் கேட்கலாம். கணக்கெடுப்பில் வீடே தவறினால்? 2024-இல் தாராவியில் சந்துக்குச் சந்து எண் போட்டுத்தான் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். எண் விழாத சந்தில் குடியிருப்பவன் எந்தக் கணக்கில் வருவான்?

தோழர்களே, உங்கள் சந்து, குழாய், கழிப்பிடம் வரைபடத்தில் உள்ளனவா என்று பாருங்கள். இல்லையேல் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து, முத்திரையிட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள். மனு எழுதித்தர ஞாயிறு மாலை சங்கத்தில் ஆள் இருக்கும்.