தாய் சேர்த்து வைத்த சீதனம்

மனித உடலின் ஒரு கலத்திலுள்ள டீ.என்.ஏ. இழைகளை முனையோடு முனை பொருத்தி நீட்டினால் ஏறத்தாழ 2 மீற்றர் வரும். கண்ணுக்குப் புலப்படாத கலக்கருவினுள் அத்தனை நூலும் சிக்குப்படாமல் அடங்குவது எங்ஙனம்? நூற்கட்டையிற் சுற்றிய நூல்போல, ஹிஸ்தோன் என்னும் புரதங்களின் மீது அது சுற்றப்பட்டிருக்கிறது. பறவையின் செங்குருதிக் கலங்களிலிருந்து இப்புரதத்தை 1884ஆம் ஆண்டிற் பிரித்தெடுத்தவர் ஜெர்மன் அறிஞர் அல்பிரெக்ட் கொசெல்.

தந்தையின் விந்துக்கலம் மாத்திரம் இதற்கு விலக்கு. நெடும்பயணம் போகிறவன் மூட்டையை இறுக்கிக் கட்டுவதுபோல, அது ஹிஸ்தோன்களிற் பெரும்பாலானவற்றைக் களைந்துவிட்டு, புரோத்தமீன் என்னும் சிறிய புரதத்தாற் தன் டீ.என்.ஏ.யை நெருக்கிக் கட்டிக்கொள்கிறது. முட்டையை அடைந்தபின் அந்தக் கட்டு அவிழ்க்கப்படுகிறது. சில மணி நேரத்துள் புதிய ஹிஸ்தோன்கள் அவ்விடத்தைப் பிடிக்கின்றன. அவை யாருடையவை? தாயினுடையவை! கருக்கட்டலுக்கு முன்னரே முட்டையினுள் அவள் சேமித்து வைத்த சீதனம் அது.

சீதனத்தின் அளவு எல்லா உயிர்க்கும் ஒன்றன்று. ஆபிரிக்க நகத்தவளையின் முட்டையில் ஹிஸ்தோன்கள் மலைபோற் குவிந்திருக்கின்றன. ஏறக்குறைய 4,000 கலங்கள் ஆகும்வரை அதன் முளையம் சொந்தப் பரம்பரையலகுகளைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அரை மணிக்கொரு தடவை பிளந்துகொண்டே போகிறது. முலையூட்டிகளின் போக்கு வேறு. சுண்டெலியின் முட்டை ஒரு மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்குமில்லை. முதற் பிளவுக்கே ஒரு நாள் அளவு செல்கிறது. இருப்போ சிறிது, ஆகவே டீ.என்.ஏ. இரட்டிக்குந்தோறும் புதிய ஹிஸ்தோன்களை ஆக்கியே தீரவேண்டும். அவற்றை ஆக்குதற்கான தூது ஆர்.என்.ஏ.யையும் தாயே எழுதி வைக்கிறாள். இரண்டு கலப் பருவத்திலேதான் சுண்டெலி முளையம் தன் சொந்தப் பரம்பரையலகுகளைப் பெருமளவில் இயக்கத் தொடங்குகிறது. மனித முளையம் அந்நிலையை அடைவது 4 முதல் 8 கலங்களான பின்னரே.

ஹிஸ்தோன் தூதுகளில் ஒரு விசேடமுண்டு, மாணவர்கள் கவனிக்க. மற்றைய தூதுகளுக்குள்ள நீண்ட வால் இவற்றுக்கில்லை. அதற்குப் பதிலாக, நுனி கொண்டையூசிபோல் வளைந்திருக்கும். அவ்வளைவைப் பற்றிக் காப்பதற்கென்றே ஒரு தனிப் புரதம் இருக்கிறது. அந்தக் காவலன் இல்லாவிட்டால்?

2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தந்தது. சுண்டெலியின் சூலகத்தில் முட்டை வளரும் காலத்திலேயே அப்புரதத்தைக் குறையச் செய்தார்கள். இருவகை ஹிஸ்தோன்களின் தூதுகள் முட்டையிற் குறைந்துபோயின. பின்னர் கருக்கட்டல் நடந்தது. முதற் பிளவும் நிகழ்ந்தது. ஆனால் அம்முளையங்களுள் இரண்டு கலங்களைத் தாண்டி வளர்ந்தவை மிக அரிது.