"இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்பது பொய்

போன வருஷம் மல்லாட்டை பிடுங்குற நேரம். கொல்லையில ஆளுங்களோட நிக்கும்போதே பெரியப்பா கத்துற சத்தம் கேட்கும். வாயில புற்று. நாற்பது வருஷம் புகையிலை அடக்கிய கன்னம் ஓட்டையாகி விட்டது. வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ரெண்டு மாசம் வைத்திருந்தோம். "இனி ஒண்ணும் பண்ண முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பினார்கள். கையில் கொடுத்த சீட்டில் வலிக்கு எழுதியிருந்தது பாரசிட்டமால்.

அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் எனக்குக் கோபம். புற்றைக் குணப்படுத்த முடியாது என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஒண்ணுமே பண்ண முடியாது என்பது பொய். மாட்டுப் புண்ணில் புழு வைத்தால் டர்பன்டைன் ஊற்றி, புழுவை எடுத்து, வேப்பெண்ணெய் போடுகிறோம். அடிமாட்டுக்கு விற்கப் போகிற மாட்டுக்குக்கூட அதைச் செய்யாமல் விடுவதில்லை. மனுஷனுக்கு மட்டும் ஒண்ணும் இல்லையா?

ஒரு மாசம் கழித்து, வீடு தேடி வந்த நர்ஸம்மாதான் வழி சொன்னார். வலிக்கென்றே தனியாகப் பார்க்கிற டாக்டரிடம் போனோம். மார்ஃபின் மாத்திரை, நாலு மணி நேரத்துக்கு ஒன்று. கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து, ஏன்னா மார்ஃபின் வயிற்றைக் கட்டிவிடும். புண் நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவச் சொன்னார். மூணாம் நாள் பெரியப்பா தூங்கினார். பேரப்பிள்ளைகள் நாற்றத்துக்குப் பயப்படாமல் பக்கத்தில் போனார்கள். கடைசி ஒன்பது நாள் அவர் மனுஷனாக இருந்தார். அதற்கு முந்தைய முப்பது நாளுக்கு யார் பதில் சொல்வது?

இதில் விவசாயிக்கு உறைக்கிற விஷயம் ஒன்று உண்டு. மார்ஃபின் வருவது அபினிலிருந்து. அபின் வருவது கசகசாச் செடியிலிருந்து. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச விவசாயிகள் லைசென்ஸ் வாங்கி அதைப் பயிர் செய்கிறார்கள். நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசாங்கத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அபினை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்த நாடு நம்முடையது. ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகளும் மருந்துக் கடைகளும் மார்ஃபினைக் கைவிட்டன. ஒரு மருந்துக்குப் பல இலாகாவில் பல லைசென்ஸ். 2014-ல் சட்டத்தைத் திருத்தி அந்தச் சிக்கலைக் குறைத்தார்கள். சட்டம் மாறிவிட்டது, பயம் மாறவில்லை. விளைச்சல் நம்ம நிலத்தில், வலி நம்ம திண்ணையில்.

முடியாது என்பவர்கள் கேரளாவைப் பார்க்கட்டும். 1993-ல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் ஆரம்பித்தது. ஊர்க்காரர்களே தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். 2008-ல் அரசே கொள்கை வகுத்தது. இன்று அங்கே பஞ்சாயத்து நர்ஸ் வீட்டுக்கு வருகிறார். நம்ம ஊரில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் வலி தணிப்பு சேவை உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் வீட்டுக்கு வருகிறவர் பையில் பிரஷர் மாத்திரை இருந்தால் போதாது. மார்ஃபின் எங்கே கிடைக்கும் என்று கேட்டவுடனே சொல்லத் தெரிய வேண்டும்.

"பழக்கமாயிடும்" என்றார் ஒரு சொந்தக்காரர். சாகப்போகிறவர் எதற்குப் பழகினால் உங்களுக்கு என்ன? அதோடு, டாக்டர் அளவு பார்த்து வலிக்குக் கொடுக்கிற மருந்தில் அந்தப் பயம் ரொம்பக் குறைவு. "சீக்கிரம் கொன்னுடும்" என்றார் இன்னொருத்தர். சின்ன அளவில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். அது கொல்வதற்குத் தருவதில்லை, தூங்க வைப்பதற்கு.

எங்க ஊர்ல மூணாவதா ஒரு பதில் உண்டு. "ரமணரே கையில புற்றோட வலியைத் தாங்கினாரு, எல்லாம் கர்மா." ரமணர் ஞானி. எங்க பெரியப்பா மாட்டு வண்டி ஓட்டினவர். ஞானிக்கு உள்ளதை வண்டிக்காரனிடம் கேட்கிறது எந்த நியாயம்? அதே ரமணர் 1948-ல் லட்சுமி பசு சாகும்போது தொழுவத்துக்கே போய், பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தொட்டுக்கொண்டிருந்தார். கர்மா என்று சொல்லிவிட்டுத் தள்ளி நிற்கவில்லை. அதையும் சொல்லுங்களேன்.

சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கு ஒன்று. ஊரில் அப்பா அம்மா படுத்தால் நீங்கள் பணம் அனுப்புகிறீர்கள். "எவ்வளவு செலவானாலும் பாருங்க" என்று ஐ.சி.யூ.வில் சேர்க்கச் சொல்கிறீர்கள். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் டாக்டரிடம் ஒரு கேள்வியும் சேர்த்துக் கேளுங்கள்: "இவங்க வலிக்கு என்ன செய்யப் போறீங்க? மார்ஃபின் இங்க உண்டா? இல்லேன்னா எங்க போகணும்?" டாக்டர் கைவிரித்த பிறகு கேட்காதீர்கள், முதல் நாளே கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள் ஆதி அண்ணாமலையார் கோயில் வாசலைத் தாண்டித்தான் போகிறீர்கள். பின்னாலிருக்கிற தெருவில் இன்னைக்கும் யாராவது ஒருத்தர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கலாம். சாவை யாராலும் நிறுத்த முடியாது. அந்தச் சத்தத்தை நிறுத்த முடியும்.