விளையாட்டுச் சாமான்தானே!

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்து அன்பர் ஒருவர் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சர்க்கரைப் பொங்கல் இலையில் விழுவதற்குள் தம் கவலையைச் சொல்லிவிட்டார். பன்னிரண்டாவது படிக்கும் மகன் கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும் என்று மூன்று மாதமாக நச்சரிக்கிறானாம். ஒரு கடைக்காரர் ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறாராம். இன்னொருவர் 35 ஆயிரத்திலேயே 'எல்லா கேமும் ஓடும்' என்கிறாராம். "நீங்கள் ரயில்வே எஞ்சினியர் ஆயிற்றே, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். விளையாட்டுச் சாமான்தானே, எதை வாங்கினால் என்ன?" என்று முடித்தார்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் அதே வாக்கியத்தை நானும் ஒரு நாள் சொன்னவன். அதனால் நஷ்டப்பட்டவன் என் பேரன்.

நான் எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்துவிட்டு 1981-இல் ரயில்வேயில் சேர்ந்தேன். கல்யாண் மின்சார லோகோ ஷெட்டிலேயே பெரும்பாலான காலம் கழிந்தது. 2019-இல் சீனியர் செக்ஷன் எஞ்சினியராக ஓய்வு பெற்றேன். என் மகள் வயிற்றுப் பேரன் 2021 தீபாவளிக்கு ஒரு கம்ப்யூட்டர் சேர்த்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெரியவர்கள் கையில் கொடுத்த காசு, கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த காசு என்று இரண்டு வருடம் சேர்த்த பணம் அது. அப்போது கிராஃபிக்ஸ் கார்டு விலை எட்டாத உயரத்தில் இருந்தது. கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கார்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டிருந்த காலம். ஆகவே படம் காட்டும் வசதி உள்ளேயே அமைந்த ரைசன் 5 5600ஜி என்ற பிராசசரை வாங்கி, கார்டு இல்லாமலே ஓட்டினான். 2022 மே மாதம் விலை கொஞ்சம் இறங்கியதும், பழைய ஆர்எக்ஸ் 580 கார்டு ஒன்றை 13 ஆயிரத்துக்கு வாங்கி வந்தான்.

"தாத்தா, கேபினட்டோடு வந்த இந்த எஸ்எம்பிஎஸ் தாங்குமா?" என்று கேட்டான். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "450 வாட் என்று போட்டிருக்கிறதே, போதும். விளையாட்டுச் சாமான்தானே" என்றேன். எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் ஓடியது. ஒரு சாயங்காலம் 'பட்' என்று சத்தம்; பின்னாலேயே வார்னிஷ் கருகும் வாடை. 38 வருடம் முகர்ந்த வாடை அது; எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மதர்போர்டும் கார்டும் போயின. பிராசசரும் மெமரியும் தப்பின. 19 ஆயிரம் ரூபாய் பாழ்.

அதன்பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த அட்டவணையைப் படித்தேன். மேலே பெரிய எழுத்தில் 450 வாட். கீழே சின்ன எழுத்தில், 12 வோல்ட் லைன் 16 ஆம்பியர். பன்னிரண்டை பதினாறால் பெருக்கினால் 192 வாட். பிராசசருக்கும் கார்டுக்கும் வேலை செய்யும் சக்தி எல்லாம் இந்த 12 வோல்ட் லைனிலிருந்துதான் வருகிறது. அந்தக் கார்டு ஒன்றே 185 வாட் இழுக்கும். பிராசசருக்கு என்ன மிச்சம்? போதாக்குறைக்கு, கார்டுக்கு வேண்டிய எட்டுப் பின் வயரே அந்தப் பெட்டியில் கிடையாது. கடையில் ஒரு கன்வெர்ட்டர் வயரைக் கொடுத்து மாட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

நேம் பிளேட்டைப் படிக்காமல் மோட்டார் மாட்டிய ஃபிட்டர்களை ஷெட்டில் நான் எத்தனை முறை கடிந்திருப்பேன்! பையன் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. "தாத்தா, இது உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தானே?" என்று மட்டும் கேட்டான். தெரிந்த விஷயம்தான். விளையாட்டுச் சாமான் என்ற அலட்சியம்தான் என்னை எழுந்திருக்க விடவில்லை.

ஆகவே என் கருத்து இது. பிள்ளைக்கு கேமிங் கம்ப்யூட்டர் வேண்டாம் என்று முடிவு செய்தால் வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள். அது உங்கள் வீட்டு விஷயம். வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், வீட்டுக்கு மிக்சியோ ஃப்ரிட்ஜோ வாங்கும்போது காட்டும் கவனத்தை இதற்கும் காட்டுங்கள். கேட்பவன் சின்னப் பையன், பொருள் விளையாட்டுக்கு என்பதற்காக அறிவைக் கழற்றி வைத்துவிடாதீர்கள்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? அன்பர்கள் பலரும் பிராசசரில் ஆரம்பிக்கிறார்கள். நான் திரையில் ஆரம்பிக்கச் சொல்வேன். சாதாரண ஃபுல் எச்டி திரையில் 1920-க்கு 1080, அதாவது சுமார் 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள். 4கே திரையில் சரியாக அதைப்போல நான்கு மடங்கு. திரையில் புள்ளி கூடக் கூடக் கார்டின் வேலையும் கூடும், விலையும் கூடும். மேலும் 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 படம்தான் காட்டும். 150 படம் தயாரிக்கும் கார்டை அதில் மாட்டுவது, சிங்கிள் லைனில் ராஜதானி விட்டு கிராசிங்குக்கு நிறுத்தி வைப்பதைப் போன்றது. வீட்டில் என்ன திரை இருக்கிறது, பையன் எந்த விளையாட்டு ஆடுகிறான் என்று முதலில் கேளுங்கள். வேலரன்ட் போன்றவை சுமாரான கார்டிலேயே நன்றாக ஓடும். சைபர்பங்க் 2077 போன்றவைதான் கார்டைப் பிழிந்து எடுக்கும்.

2023-இல் என் நண்பர் ஒருவரின் மகளுக்கு நானும் பேரனும் சேர்ந்து பட்டியல் போட்டோம். திரை வீட்டில் இருந்த ஃபுல் எச்டி. கையில் இருந்தது ரூ. 60,000. லேமிங்டன் ரோட்டில் ஒரு நாள் முழுக்க ஏறி இறங்கி வாங்கியது இது: ஆர்எக்ஸ் 6600 கார்டு 21,000, ரைசன் 5 5600 பிராசசர் 12,500, மதர்போர்டு 7,500, 1 டிபி எஸ்எஸ்டி 4,500, 550 வாட் எஸ்எம்பிஎஸ் 4,500, கேபினட் 3,500, 16 ஜிபி மெமரி 3,500. கூட்டிப் பார்த்தால் 57,000. விலைகள் அந்த வருடத்தவை. அப்படியே நம்பிப் புறப்பட்டுவிடாதீர்கள். 2025 கடைசி மாதங்களில் ஏஐ கம்பெனிகள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டதில் ரேம் விலை எப்படித் தாவியது என்று வாங்கப் போனவர்களுக்குத் தெரியும். விலை மாறும், பங்கீட்டின் போக்கைப் பாருங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கார்டுக்கு. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு நூற்றுக்கு எட்டு ரூபாய். இந்த எட்டு ரூபாய்தான் மற்ற 92 ரூபாயைக் காப்பாற்றுகிறது.

அந்த 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் லைன் 45 ஆம்பியர், அதாவது 540 வாட். கார்டு இழுப்பது 132 வாட். பிராசசரில் 65 வாட் என்று போட்டிருந்தாலும் வேகம் பிடிக்கும்போது அதற்கு மேலும் இழுக்கும். மற்ற சில்லறை எல்லாம் சேர்த்தாலும் பாதிச் சுமையை ஒட்டித்தான் நிற்கும். நாளைக்குப் பெரிய கார்டு மாற்றினாலும் இடம் இருக்கிறது. '80 பிளஸ்' என்ற முத்திரையைக் காட்டி விற்பார்கள். அது மின்சாரத்தை வீணாக்காமல் மாற்றும் திறனுக்கான சான்றுதான். உள்ளே பாதுகாப்பு ஏற்பாடுகள் உண்டா என்பதை அது சொல்லாது. நல்ல பெயருள்ள கம்பெனியா, ஐந்து வருட வாரன்டி தருகிறார்களா என்று பாருங்கள்.

பிராசசர் பெயரின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். இன்டெலில் 'எஃப்' என்று முடிந்தால் அதில் படம் காட்டும் வசதி கிடையாது. ஏஎம்டியின் 5600-இலும் கிடையாது, 5600ஜி-யில் உண்டு. கார்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று 'எஃப்' ரகத்தை வாங்கி வந்து, இருண்ட திரையைப் பார்த்துக் கடைக்காரரோடு சண்டை போட்டவர்களை நான் அறிவேன். அதே சமயம், கார்டும் சேர்த்தே வாங்குகிறவர்களுக்கு 5600ஜி-யைவிட 5600 மேல். அதில் கேச் மெமரி இரண்டு மடங்கு.

மதர்போர்டில் பார்க்க வேண்டியது அதன் சாக்கெட்டுக்கு ஆயுள் உண்டா என்பது. ஏஎம்4 சாக்கெட் 2016-இல் வந்தது. 2018-இல் வாங்கிய பி450 போர்டுகள் பலவற்றில், பயாஸ் புதுப்பித்துவிட்டு 2022-இல் வந்த பிராசசரை மாட்ட முடிந்தது. என் பேரனின் தப்பிப் பிழைத்த பிராசசரும் வேறொரு ஏஎம்4 போர்டில் ஏறி மறுபடி ஓடியது. 2022-இல் வந்த ஏஎம்5-க்கு டிடிஆர்5 மெமரிதான் பொருந்தும்; பழைய டிடிஆர்4 கையில் இருந்தாலும் பயன்படாது. மெமரியை 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்குங்கள். ஒற்றைப் பாதைக்கும் இரட்டைப் பாதைக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரியும்.

கேபினட்டில் ஏமாறாதவர் குறைவு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏழு நிற விளக்கு. காற்று எந்த வழியாகப் போகும்? மின்சார எஞ்சினில் டிராக்ஷன் மோட்டாருக்குக் காற்று ஊத பிளோயர் என்று தனியாக வைத்திருக்கிறோம். அது நின்றால் மோட்டாரும் நிற்க வேண்டியதுதான். நம் ஊர் வெயிலுக்கு முன்பக்கம் வலை போட்ட கேபினட்தான் சரி. விளக்குக்குக் கொடுக்கும் ஆயிரத்தை எஸ்எஸ்டியில் போடலாம்.

பழைய கார்டு வாங்கலாமா என்று கேட்பார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயத்தைக் கார்டு வைத்துத் தோண்டும் முறை முடிவுக்கு வந்தது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தையில் கொட்டின. ஓடியது என்பதற்காக எல்லாம் கெட்டது என்று சொல்ல மாட்டேன். நூறாயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய எஞ்சின்கள் எங்கள் கையில் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அவற்றுக்கு ஓடிய கணக்கு இருந்தது, ஓவர்ஹால் பதிவு இருந்தது. பில்லும் மிச்ச வாரன்டியும் இருந்தால், கண்ணெதிரே அரைமணி நேரம் ஓட்டிக் காட்டினால் வாங்குங்கள். புதுச் சாமானுக்கும் இதுவே விதி. 'பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்' என்பவரிடம் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சமாவது போலத் தோன்றும். வாரன்டிக்குப் போகும் நாளில் அந்த மிச்சம் எங்கே போயிற்று என்று தெரியும்.

வீட்டு வயரிங்கையும் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் பழைய கட்டிடங்களில் இருக்கிறோம். மூன்று ஓட்டை பிளக் இருக்கும். பின்னால் எர்த் வயர் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைச் சோதியுங்கள். கம்ப்யூட்டர் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கணக்குப் பார்க்காமல் கம்ப்யூட்டர், திரை, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் அதில் மாட்டாதீர்கள்.

மாப்பிள்ளைக்கு இதிலெல்லாம் இஷ்டம் இல்லை. "மாமா, நீங்களே செல்லம் குடுத்துக் கெடுக்கிறீங்க. பத்தாவதுல மார்க் குறைஞ்சதைப் பார்த்தீங்கல்ல?" என்றார். குறைந்தது உண்மைதான், அதை மறைக்க மாட்டேன். அதற்கு அவர் போட்ட விதி சரியானது: வார நாளில் ஒரு மணி நேரம், பத்து மணிக்கு மேல் சுவிட்ச் கிடையாது. ஆனால் மார்க் குறைந்ததற்கு மருந்து நேரக் கட்டுப்பாடு. மட்டமான சாமானை வாங்கிக் கொடுப்பது மருந்து ஆகாது. விளையாட்டு ஆடினால் பிள்ளை எஞ்சினியர் ஆகிவிடுவான் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் இருக்கிற பணத்துக்குள் ஏழு சாமானைப் பொருத்தி, ஒன்றைக் கூட்டினால் எதைக் குறைப்பது என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொள்கிறானே, அந்தக் கணக்கு பள்ளிக்கூடத்தில் கிடைக்காது. பட்டியலை அவனையே எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே ஏன் இது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பணம் போதாவிட்டால் கடன் அட்டையில் தவணை போடாமல், எஸ்எம்பிஎஸ்ஸையும் போர்டையும் நல்லதாக வாங்கி, கார்டை ஆறு மாதம் தள்ளி வையுங்கள். காத்திருக்கவும் பழகட்டும்.

பட்டியல் தயாரானால் ஞாயிற்றுக்கிழமை காலை சங்க நூலகத்துக்கு எடுத்து வரச் சொல்லுங்கள். நானும் பேரனும் பார்த்துத் தருகிறோம். கட்டணம் ஒன்றும் இல்லை, ஒரு காப்பி போதும். இந்த முறை நேம் பிளேட்டைப் படித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.