ஜுரம் விட்டது யாரால்?

குழந்தைக்கு உடம்பு சுட்டால் இன்றைக்கும் நம்மில் பல வீடுகளில் முதலில் ஆளனுப்புவது டாக்டருக்கல்ல, மந்திரிக்கிறவனுக்கே. பயந்த கோளாறு என்கிறார் ஒருவர், கண்ணேறு என்கிறார் மற்றொருவர், குலதெய்வத்தின் குறை என்கிறார் இன்னொருவர். விபூதி பூசி, வேப்பிலை அடித்து, கயிறும் கட்டியாகின்றது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஜுரம் விட்டுவிடுகின்றது. "பார்த்தீரா, கைமேல் பலன்!" என்கிறார்கள்.

தோழர்களே! குழந்தைகளுக்கு வரும் ஜுரத்தில் பெரும்பாலானவை வைரஸ் என்னும் கிருமியால் வருபவை. சில நாளில் உடம்பே அதை வென்றுவிடும். கயிறு கட்டினாலும் விடும், கட்டாவிட்டாலும் விடும், அந்தக் கயிற்றைக் கழுதையின் காலில் கட்டினாலும் விடும். தானாக விடுகின்ற ஜுரத்தில் பூசாரி சம்பாதித்த கியாதிக்கு, தானாக விடாத ஜுரம் வருகின்ற நாளில் குழந்தை தன் உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கின்றது என்பதுதான் நாம் சொல்லுவது.

நாம் பிரசாரத்துக்குப் போயிருந்த ஒரு கிராமத்தில் ஏழு வயதுப் பெண் குழந்தைக்கு ஜுரம். நாலாம் நாள் காலையில் சூடு இறங்கிற்று. பூசாரி சேவலும் பணமும் வாங்கிக் கொண்டு போனார். மத்தியானம் குழந்தை வயிற்றைப் பிடித்துக் கொண்டு அழுதது, வாந்தி நிற்கவில்லை, கைகால் சில்லிட்டு, ஈறில் இரத்தம் கசிந்தது. அது டெங்கு ஜுரம். டெங்குவில் ஜுரம் விடுகின்ற சமயந்தான் ஆபத்தான சமயம். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே சூடு இறங்கும்போது இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இரத்த ஓட்டமே குன்றிப் போகலாம். அதாவது, எமன் என்று ஒருவன் இருப்பானேயானால், அவன் வாசலில் வந்து நிற்கின்ற வேளையும் பூசாரி கூலி வாங்குகின்ற வேளையும் ஒன்றே!

தாய்க்கு மத்தியானமே சந்தேகந்தான். ஆனால் ஜுரம் விட்ட பிள்ளையைத் தூக்கிக் கொண்டு ஓடினால் ஆத்தாள் கோபித்துக் கொள்வாள் என்று மாமியார் தடுத்தார். புருஷனோ சந்தைக்குப் போயிருந்தார். அவர் வந்து உத்தரவு கொடுக்கும்வரை இந்த அம்மாள் வாசலையே பார்த்துக் கொண்டிருந்தாராம். பெற்றவளுக்குப் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு வண்டி ஏற அதிகாரமில்லை! நல்லவேளையாக இரவுக்குள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். நரம்பில் நீரேற்றிப் பிழைக்க வைத்தார்கள். மறுமாதம் தகப்பனார் மொட்டையடித்துக் கொண்டது கோயிலில்.

எப்போது போக வேண்டும் என்று கேட்கலாம். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குச் சூடு 100.4 டிகிரியை எட்டினால், நடு இரவானாலும், இராகு காலமானாலும் அப்போதே புறப்பட வேண்டும். அவ்வளவு சிறிய உடம்பு பெரிய வியாதியையும் வேறு அடையாளமின்றி மறைத்து வைக்கக் கூடும். அதற்கு மேற்பட்ட குழந்தையானால் தெர்மாமீட்டரைவிடக் குழந்தையைப் பாருங்கள். 103 டிகிரி இருந்தும், சூடு சற்றுத் தணிந்ததும் எழுந்து விளையாடி, நீர் குடித்து, சிறுநீர் கழிக்கின்ற குழந்தைக்கு அவ்வளவு அவசரமில்லை. 101 டிகிரியிலேயே எழுப்ப எழுப்ப மயங்கிக் கிடக்கின்ற, பாலும் நீரும் குடிக்க முடியாத, குடித்ததையெல்லாம் கக்குகின்ற, மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்புறம் குழிகின்ற, கழுத்தை வளைக்க முடியாத, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் கண்ட குழந்தையை வைத்துக் கொண்டு ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. இவை ஒன்றுமில்லை என்றாலும் மூன்று நாளில் விடாத ஜுரத்தை டாக்டரிடம் காட்டியே தீர வேண்டும். ஜுரம் விட்ட பிறகும் குழந்தை தெளியாமல் சோர்ந்தால், மேலே சொன்ன கதையை நினைத்துக் கொள்ளுங்கள்.

வலிப்புக் கண்டால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள். ஜுர வலிப்பு பெரும்பாலும் சில நிமிஷங்களில் தானே நின்றுவிடும், சாவிக்குப் பெயர்! குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல் இருப்பதே உதவி. நின்றாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஐந்து நிமிஷத்தில் நிற்காவிட்டால் வண்டியைக் கூப்பிட வேண்டும்.

அம்மை கண்டால் மருந்தே கூடாது என்று ஒரு சாஸ்திரம் வேறு. பெரியம்மையை விரட்டியது வேப்பிலையா? 1796இல் ஜென்னர் தொடங்கிய அம்மை குத்தலல்லவா விரட்டிற்று! இந்தியாவில் 1975க்குப் பிறகு அந்த ஆத்தாள் ஒருவர் வீட்டுக்கும் வரவில்லை. உலகத்திலேயே அது ஒழிந்ததென்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. உண்டியல் மட்டும் இன்னும் ஒழியவில்லை.

நிற்க, நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. தாயத்தை அறுத்து எறிந்துவிட்டு, ஊசி போடாதவர் டாக்டரே அல்ல என்று பிடிவாதம் செய்கின்ற பகுத்தறிவுவாதிகளை நாம் பார்த்திருக்கின்றோம். கடைக்காரரிடம் தாமாகவே கேட்டு வாங்கி ஊட்டுகின்ற ஆன்டிபயாடிக் மருந்து வைரஸ் ஜுரத்தை ஒன்றும் செய்யாது. அந்த ஜுரத்துக்கு அதுவும் ஒரு தாயத்தே. ஆஸ்பிரினோ குழந்தைக்குக் கேடு.

அந்தக் கிராமத்துத் தாயார் கூட்டம் முடிந்ததும் நம்மிடம் கேட்டது ஒன்றே: "அவர் வீட்டில் இல்லாதபோது நான் கூப்பிட்டாலும் 108 வண்டி வருமா அய்யா?" வரும் அம்மா, அதற்குப் புருஷன் கையெழுத்தும் வேண்டாம், காசும் வேண்டாம் என்று மாமியார் காதில் விழும்படியாகவே சொல்லிவிட்டு வந்தோம்.