தினமும் நடந்தால் இப்படித்தான்!

‘‘தினமும் யூஸ் பண்ணீங்களா மேடம்?’’

ட்ரெட்மில்லைக் கழற்றிப் போட்டுவிட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்த சர்வீஸ் பையன் என் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி இது. ஏதோ செய்யக் கூடாத காரியத்தைச் செய்துவிட்ட மாதிரி ஒரு தொனி.

‘‘ஆமாம்ப்பா... காலைல அரைமணி நேரம். டாக்டர் சொல்லியிருக்கார்.’’

‘‘அதான் மேடம். தினமும் நடந்தா இப்படித்தான் ஆகும். லோடு தாங்காது. வாரத்துல மூணு நாள் போதும். அப்புறம்... நீங்களும் கொஞ்சம் வெயிட்டா இருக்கீங்கள்ல?’’

அக்காவுக்கு வயது 58. எடை 82 கிலோ. சர்க்கரை உண்டு. எடையைக் குறைக்கத்தான் அந்த மெஷினையே வாங்கினார். அட்டைப்பெட்டியில் ‘100 கிலோ வரை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ‘4 ஹெச்.பி. மோட்டார்’ என்று அதைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நாலாவது மாதத்திலிருந்தே அவர் காலை ஊன்றும்போதெல்லாம் பெல்ட் ஒரு கணம் திணறும். போன் செய்தால், ‘ஆயில் போடுங்க’ என்றார்கள். போட்டார். பதினாலாவது மாதம் கருகிய வாசனையோடு நின்றேபோனது. மோட்டாருக்கு மூன்று வருஷ வாரன்ட்டி. ஆனால் போனது மோட்டார் இல்லையாம், உள்ளே இருக்கிற கன்ட்ரோல் போர்டாம். அதற்கு ஒரு வருஷம்தானாம்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. அன்று ராத்திரி அக்கா என்னிடம் சொன்னதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

‘‘என் மேலதான்டா தப்பு. இந்த உடம்பை வெச்சுக்கிட்டு நான் அதுல ஏறியிருக்கவே கூடாது.’’

இந்த வாரம் இதை எழுத அந்த ஒரு வரிதான் காரணம்.

வீட்டு ட்ரெட்மில் என்றாலே நம்மிடம் ஒரு ஜோக் தயாராக இருக்கிறது. ‘துணி காயப்போடற ஸ்டாண்டு!’ எல்லோரும் சிரிப்போம். வாங்கியவரும் அசட்டுத்தனமாகச் சேர்ந்து சிரிப்பார். அந்த ஜோக்கில் காசைப் பறிகொடுத்தவர்தான் சோம்பேறி. விற்றவரைப் பற்றிப் பேச்சே இல்லை. கவனித்திருக்கிறீர்களா?

நாம் சோம்பேறிகள் இல்லை என்று நான் வாதாட வரவில்லை. என் குற்றச்சாட்டு வேறு. மலிவு விலை ட்ரெட்மில்களில் பல, நீங்கள் மூன்றாவது மாதம் நடப்பதை நிறுத்திவிடுவீர்கள் என்கிற நம்பிக்கையில் செய்யப்பட்டவை. நம் சோம்பேறித்தனம்தான் அவர்களுடைய வாரன்ட்டி. என் அக்கா மாதிரி ஒருவர் நிறுத்தாமல் நடந்துவிட்டால், கணக்கு உதைக்கிறது.

ஆதாரம் வேண்டுமா? வேறெங்கும் போக வேண்டாம். உங்கள் வீட்டு சுவிட்ச் போர்டைப் பாருங்கள்.

ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட்ஸ். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அப்படியானால் 4 ஹெச்.பி. கிட்டத்தட்ட 3,000 வாட்ஸ். நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டில் அதற்கு 13 ஆம்பியர் கரன்ட் வேண்டும். சுவரில் இருக்கிற சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. அது முக்கி முனகினாலும் 1,380 வாட்ஸ்தான் தரும். இரண்டு ஹெச்.பி.கூட இல்லை. அக்கா வீட்டு மெஷின் அந்தச் சின்ன பிளக்கோடுதான் வந்தது! மூன்று பின் பொருத்திய அந்தப் பொய்யைத்தான் பதினாலு மாதமாக சுவரில் சொருகி வைத்திருந்தோம்.

மெஷினைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தேன். பொடி எழுத்தில் 750 வாட்ஸ். அதாவது ஒரே ஒரு ஹெச்.பி. சமையலறையில் இருக்கிற மிக்ஸியும் 750 வாட்ஸ்தான். அதைக்கூட இரண்டு நிமிஷம் ஓட்டினால் நிறுத்தி மூச்சு விட வைக்கிறோம். மிக்ஸி மேல் 82 கிலோவை ஏற்றி அரைமணி நேரம் ஓட்டினால் என்ன ஆகும்?

கேட்டால் பதில் ரெடியாக வைத்திருக்கிறார்கள். ‘‘சார், அது பீக் ஹெச்.பி.’’ பீக் என்றால் மோட்டார் உயிரைக் கொடுத்து ஒரு சில நொடிகள் தொடுகிற உச்சம். தொடர்ந்து, சூடாகாமல் தரக்கூடிய சக்திக்குப் பெயர் கன்டினியூயஸ் ஹெச்.பி. நீங்கள் தொடர்ந்துதானே நடக்கப் போகிறீர்கள்? பஸ்ஸைப் பிடிக்க ஒருநாள் உயிரைவிட்டு ஓடியதை வைத்து, ‘இவர் ஓட்டப் பந்தய வீரர்’ என்று பெண் வீட்டில் சொல்லி வரன் பேசினால் எப்படி இருக்கும்? அந்த வேலைதான் இது.

அடுத்தது அலங்காரம். அக்கா மெஷினோடு வயிற்றைக் குலுக்க ஒரு மசாஜ் பெல்ட், இடுப்பைத் திருக ஒரு வட்டத் தட்டு, சிட்அப் எடுக்க ஒரு கம்பி, இரண்டு குட்டி டம்பிள்ஸ், பாட்டு கேட்க ஸ்பீக்கர் எல்லாம் வந்தன. சாமரம் வீச ஆள் வராததுதான் பாக்கி. இத்தனைக்கும் காசு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? மோட்டாரிலிருந்தும் போர்டிலிருந்தும் இரும்பிலிருந்தும் கிள்ளியதுதான். போதாக்குறைக்குத் திரையில் கலோரிக் கணக்கு வேறு. உங்கள் எடை என்ன என்று ஒரு வார்த்தை கேட்காமலே 142 கலோரி எரித்தீர்கள் என்று சொல்கிற மெஷினை நம்புவதற்குக் கிளி ஜோசியம் மேல்.

ஒரு பழைய கதை. இந்த ட்ரெட்மில் முதலில் ஜெயிலுக்காகத்தான் வந்தது. 1818-ல் இங்கிலாந்தில் வில்லியம் க்யூபிட் என்கிற இன்ஜினீயர் கைதிகளுக்காக வடிவமைத்தார். ஒரு பிரமாண்ட உருளை, சுற்றிலும் படிகள். கைதிகள் வரிசையாக நின்று மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். கொடுமை என்று உணர்ந்து 1898-ல் சட்டம் போட்டுத்தான் முடிவுகட்டினார்கள். அப்புறம் 1952-ல் அமெரிக்காவில் ராபர்ட் ப்ரூஸ் என்கிற இதய மருத்துவரும் வெய்ன் க்விண்டன் என்கிற இன்ஜினீயரும் இதயத்தைச் சோதிப்பதற்காக மோட்டார் வைத்த ட்ரெட்மில்லை உருவாக்கினார்கள். நீங்கள் டி.எம்.டி. டெஸ்ட் எடுத்திருந்தால், அந்த வேகக் கணக்குக்கு இன்றும் ப்ரூஸ் பெயர்தான்.

கவனியுங்கள். தண்டிப்பதற்காகச் செய்த மெஷின்கூட தினமும் உழைத்தது. நம் ஆரோக்கியத்துக்காகச் செய்தேன் என்கிறவர் மட்டும், ‘வாரத்துக்கு மூணு நாள் போதும்’ என்கிறார்!

மூன்று நாள், அரைமணி. மொத்தம் 90 நிமிஷம். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த 150-ஐத் தாங்காத ஒன்றுக்கு உடற்பயிற்சி மெஷின் என்று எப்படிப் பெயர் வைக்கலாம்? இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது. அத்தனை பேருக்கும் டாக்டர் சொல்கிற முதல் மருந்து நடை. அந்த மருந்தில் கலப்படம் செய்தால் அதற்கு என்ன பெயர்?

‘‘தெருவில் இறங்கி நடக்க வேண்டியதுதானே, எதுக்கு மெஷின்?’’ என்று சிலர் கேட்பீர்கள். அக்கா ஆறு வருஷம் தெருவில்தான் நடந்தார். ஒரு மழைக்கால விடியலில், ஃபுட்பாத்தில் சாய்ந்துகிடந்த ஒரு சிமென்ட் பலகை அவருடைய மணிக்கட்டை முறித்தது. நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2012-ல் விதி எழுதியது. நடைபாதையில் நடப்பது உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டே சொன்னது. உங்கள் தெருவில் அந்த 1.8 மீட்டரை அளந்து பாருங்கள். நடுவில் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர், நாலு பைக், ஒரு ஜெனரேட்டர் இல்லாமல் இருந்தால் நீங்கள் புண்ணியவான். மற்றவர்களுக்கு, முக்கியமாக ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வேலை முடிகிற பெண்களுக்கு, மூட்டை முடிச்சோடு படுத்திருக்கும் மாமியாரை விட்டு நகர முடியாத மருமகள்களுக்கு, மெஷின் ஆடம்பரம் இல்லை.

‘‘விலை குறைச்சலா இருந்தா அப்படித்தான் இருக்கும்’’ என்பது அடுத்த வாதம். ஒப்புக்கொள்ள மாட்டேன். மலிவாக விற்பது தப்பே இல்லை. ‘நடக்க மட்டும். ஓடக் கூடாது. 70 கிலோ வரை. ஒருநாளைக்கு 20 நிமிஷம்’ என்று பெட்டியில் எழுதி விற்றால், நானே கும்பிட்டு வாங்குவேன். பணக்காரர் ஏமாந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்வார். சீட்டுப் பணத்தை எடுத்து வாங்குகிறவருக்கு இரண்டாவது சான்ஸ் கிடையாது. மலிவுப் பொருளில்தான் உண்மை அதிகம் இருக்க வேண்டும்.

விலை அதிகம் என்றால் பத்திரம் என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் 4,000 டாலருக்கு மேல் விற்ற ஒரு மாடலை, அதில் சிக்கி ஒரு குழந்தை இறந்த பிறகு, 2021 மே மாதம் திரும்பப் பெற வேண்டி வந்தது. பேரன் பேத்தி வருகிற வீடா? நடந்து முடித்ததும் அந்தச் சிவப்பு சேஃப்டி கீயை உருவி அலமாரியில் பூட்டுங்கள்.

சரி, என்னதான் செய்யலாம்?

முதலில் பெட்டியைப் படிக்காதீர்கள், லேபிளைப் படியுங்கள். நடக்க மட்டும் என்றால் கன்டினியூயஸ் ஒன்றரை முதல் 2 ஹெச்.பி. வேண்டும். ஓடுவதானால் இரண்டரைக்குக் குறையக் கூடாது. பெட்டி 100 கிலோ என்றால் மனசுக்குள் 20 கிலோ கழித்துக்கொள்ளுங்கள். பெல்ட் குறைந்தது 16 அங்குல அகலம், 48 அங்குல நீளம். உயரமானவருக்கும் ஓடுகிறவருக்கும் இன்னும் பெரிதாக வேண்டும். மோட்டாரே இல்லாமல் காலால் தள்ளுகிற மெஷின் விலையில் மயக்கும். முட்டி வலி உள்ளவர்கள் பக்கத்தில் போக வேண்டாம். கைப்பிடி இல்லாத வாக்கிங் பேட் வயதானவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

ஆன்லைனில் படம் பார்த்து வாங்காதீர்கள். ஷூ மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் இருபது நிமிஷம் நடங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அவர் பிரச்னை. நகைக்கடையில் இருபது வளையல் போட்டுப் பார்க்கிறோம், இதில் என்ன கூச்சம்? காலை ஊன்றும்போது பெல்ட் தயங்கினால் இறங்கிவிடுங்கள். போர்டுக்கு எத்தனை வருஷம் வாரன்ட்டி, உங்கள் ஊரில் மெக்கானிக் உண்டா என்று கேளுங்கள். வீட்டில் எர்த் உள்ள 16 ஆம்பியர் பவர் பிளக் பக்கத்தில் மெஷினைப் போடுங்கள்.

இன்னொரு யோசனை. ஊரெல்லாம் துணி காய்கிறதே, அந்த மெஷின்களில் சில நிஜமாகவே நல்ல மெஷின்கள். உங்கள் பட்ஜெட்டுக்கு எட்டாத கனமான மாடல், அதிகம் ஓடாமல், பாதி விலைக்குக் கிடைக்கலாம். தெரிந்த மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போங்கள்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டீர்களா? தலையில் கை வைத்து உட்காராதீர்கள். 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன். பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் போட மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அக்கா புகார் எழுதிவிட்டார். பெட்டியின் போட்டோ ஒன்று, லேபிளின் போட்டோ ஒன்று. வக்கீல்கூட வைக்கவில்லை. நாலு ஹெச்.பி.யையும் 750 வாட்ஸையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினால் போதாதா?

கடைசியாக ஒன்று. காசைக் கொடுப்பதற்கு முன்னால் பில்லின் பின்பக்கத்தில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். ‘82 கிலோ. தினமும் 30 நிமிஷம்.’ அதன் கீழே கடை முத்திரையும் கையெழுத்தும் கேளுங்கள். சேல்ஸ்மேன் சிரிப்பார். மேனேஜரைக் கூப்பிடுவார். ‘அதெல்லாம் வழக்கமில்லைங்க’ என்பார்கள். முத்திரை விழுந்தால் வாங்குங்கள். விழாவிட்டால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

‘தினமும் நடந்தா இப்படித்தான் ஆகும்’ என்பதைப் பதினாலு மாதம் கழித்து அல்ல, பணம் கொடுக்கும் முன்பே அவர் வாயால் சொல்ல வைத்துவிட்டீர்கள்.