நனைந்த துணியை எங்கே மாற்றுவது?

கைக்குழந்தையுடன் தேனியில் பஸ் ஏறுகிறாள் ஒரு தாய். கம்பம் போக வேண்டும். சின்னமனூர் வருமுன்பே குழந்தையின் துணி நனைந்துவிடுகிறது!

பழைய வேட்டியைக் கிழித்த துணி குழந்தைக்கு உறுத்தாது. துவைத்தால் மறுபடியும் உதவும். ஆனால், ஈரத்தோடு விட்டால் தோல் சிவந்து புண்ணாகும். வழியில் மாற்ற இடம் எங்கே? அலசத் தண்ணீர் எங்கே?

அதனால்தான் 'டயப்பர்' வாங்குகிறார்கள். அதில் பிளாஸ்டிக் உண்டு. முல்லைப் பெரியாற்றங்கரையில் எறிந்தால் மக்காது.

2015-ல் தமிழக பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகளை அரசு திறந்தது. நல்ல காரியம். பால் குடித்த குழந்தை துணியை நனைக்காதா? அந்த அறையில் ஒரு மேஜையும் ஒரு தண்ணீர்க் குழாயும் வைக்க வேண்டும்.

தாய்மார்களே! நாலு மாற்றுத் துணியும், ஈரத் துணிக்கு ஒரு தனிப் பையும் மறவாதீர்கள்.